நூற்றுக்கு ஆறு

செவ்வேளின் உயிருக்கு அவனைப் பெற்றவர் காலை ஒன்பது மணிக்குச் சொன்ன விலை நூற்றுக்கு மூன்று. கேட்ட விலை ஆறு. நடுவில் நின்றது மூன்றே மூன்று.

ஊத்துவலசுச் சந்தையில் இதெல்லாம் ஒரு இடைவெளியே இல்லை. மூவாயிரம் வித்தியாசத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற எத்தனையோ பேரை ஒரு டீ ஆறுவதற்குள் மாட்டுத் தரகர் சென்னியப்பன் சேர்த்து வைத்திருக்கிறார். வாங்குபவனை ஒன்றரை ஏற்றுவார், விற்பவனை ஒன்றரை இறக்குவார். இருவரும் தாங்களே ஜெயித்ததாக நினைத்து வீட்டுக்குப் போவார்கள். ஆனால் இன்றைக்கு வாங்குபவரும் அவர்தான், விற்பவரும் அவர்தான். பேரம் பேசப்பட்டவன் மட்டும் நூற்றிருபது அடி ஆழத்தில், விழுந்த பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

மேலே தேக்குகிற தண்ணீரையெல்லாம் வெயிலே குடித்துவிடுகிறது என்று மண்ணுக்கு அடியில் ஏரி வெட்டக் கிளம்பிய காலம் அது. ஒன்பது நாளைக்கு முன் மூன்றாம் சுரங்கத்தின் கூரை இறங்கியது. உள்ளே நான்கு பேர். இரண்டு நாளில் மூன்று பேர் மேலே வந்தார்கள். ஒருவன் தன் காலால் நடந்து, இருவர் துணி போர்த்தி. நாலாம் நாள் வரை கம்பியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ஏனுங் அம்மிணி, பெத்தவன்கிட்டயே வந்து கேக்கறீங்களே, இது அடுக்குமாங்?" என்றார் சென்னியப்பன்.

உறுதிமானி வாரியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அருள்விழிக்கு முப்பது வயதிருக்கும். தகரக் கொட்டகையில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் தூங்காமல் வந்திருப்பாள் போல.

"விதியில சொந்தம்ங்கிற வார்த்தையே இல்லைங்க ஐயா. மோதிரத்துக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது. மனசுல எவ்வளவு இருக்கோ அவ்வளவு காட்டும். சொல்ற எண்ணும் நடக்கறதும் எடைக்கல் மாதிரி ஒத்துப்போற படிக்கல் இந்த மாவட்டத்துக்கு மூணே பேர். அதுல நீங்க ஒருத்தர்."

உறுதிமானி என்கிற அந்த மோதிரம் முதலில் கோர்ட்டுக்குத்தான் வந்தது. ஒரு வாக்கியத்தைச் சொன்னால், சொல்பவன் அதை உள்ளுக்குள் எத்தனை நம்புகிறான் என்பதை நாடியிலும் வேர்வையிலும் பிடித்து நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாக எரியும். கோர்ட்டிலிருந்து வங்கிக்கு வந்தது, வங்கியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது, கடைசியில் கல்யாண வீட்டுக்கும் வந்தது. 'கடைசி வரைக்கும் கூட இருப்பேன்' என்று மாப்பிள்ளை சொல்ல, விரலில் எழுபத்தொன்று எரிய, தாய்மாமன் பாதிப் பந்தியில் இலையை மடித்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர்களுக்கு 'ஒண்ணும் ஆகாது' என்கிற வார்த்தையே மறந்துபோயிற்று.

"படிக்கல்லுன்னு பேரு வெச்சுட்டீங்க. நான் மாட்டுப் பல்லைப் பாத்து வயித்தக் கழுவறவனுங்."

"நீங்க எழுபதுன்னு சொன்னது இதுவரைக்கும் நானூத்திப் பத்து விஷயம். அதுல இருநூத்தி எண்பத்தேழு நடக்கணும். நடந்தது இருநூத்தி எண்பத்தெட்டு. ஒண்ணுதான் பிசகு."

"அந்த ஒண்ணு எந்த மாடுங்?"

"மாடு இல்லைங்க, மழை."

வேறு நாளாக இருந்தால் சென்னியப்பன் சிரித்திருப்பார்.

"மத்த ரெண்டு பேரு என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் நாலு, ஒருத்தர் அஞ்சு. மூணும் சேர்ந்து பதினஞ்சு வரணும். வந்தா இன்னும் ஒரு நாள் தேடுவாங்க. வரலைன்னா நிறுத்தணும். கூரை இப்பவும் விரிஞ்சுதான் நிக்குது. பதினொரு பேர் தினம் அதுக்குக் கீழ போறாங்க. போன வருஷம் ஒரு குவாரியில, செத்துப்போன ஒருத்தரைத் தேடி இறங்கி ஆறு பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த விதி இது." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு மணிக்குள்ள உங்களுக்குப் புதுசா ஏதாவது தெரிஞ்சா மறுபடி சொல்லலாம். புதுசா தெரிஞ்சா மட்டும்."

வெளியே வந்தவர் சுரங்க வாய்க்கு நடந்தார். அங்கே இருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து மறுபடி சுரங்க வாய். ஒரு இடத்தில் நிற்கக் கால் ஒப்பவில்லை. சுரங்க வாயில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். இறங்குகிறவன் மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பான். சுரங்கக்காரர்களின் பழக்கம் அது. வாரியத்துக்குப் பிடிக்காவிட்டாலும் தடுக்க முடியவில்லை. கடைசி ஆணியில் ஒன்பது நாளாக ஒரு மோதிரம் தொங்கியது. உடம்புச் சூடு இல்லாததால் அணைந்து கிடந்தது. செவ்வேளுடையது.

இந்த வேலைக்குப் போகிற அன்று அவன் வாசலில் நின்று கேட்டான்: "இதுல நான் தேறுவேனாப்பா?" சென்னியப்பன், "தேறுவ சாமி" என்றார். விரலில் நாற்பது எரிந்தது. கையைப் பின்னால் மறைத்திருக்கலாம். படிக்கல் என்கிற பெருமை, மறைக்கவில்லை. பையன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "சரிங்கப்பா, நாப்பது" என்று சொல்லி, மார்க் ஷீட்டை மடிப்பதுபோல் முகத்தை மடித்துக்கொண்டு போனான். அவன் அம்மா பாவாத்தாள் உள்ளிருந்து ஓடி வந்து, "நீ தேறுவடா!" என்று கத்தினாள். அவள் விரலில் நூறு. ஆனால் அவளுக்கு எதற்குத்தான் நூறு இல்லை? பால்காரன் தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு நூறு. தவணைக்காரன் நாளைக்கு வரமாட்டான் என்பதற்கு நூறு. மாவட்டத்திலேயே கடைசி மதிப்பெண் அவளுக்குத்தான். படிக்கல் வீட்டில் இப்படி ஒரு தராசு என்று ஊரே சிரித்தது.

டீக்கடையில் காளியண்ணன் உட்கார்ந்திருந்தான். சந்தையில் சென்னியப்பனுக்கு எதிர்த் தரகன், முப்பது வருடச் சிநேகிதன். குருட்டு மாட்டைக்கூட 'அடக்கமான பார்வை' என்று சொல்லி விற்றவன்.

"மாப்ள, எனக்கு ஒண்ணு வித்துக் குடு."

"என்னத்தைய?"

"என்ற பையன் உசுரோட இருக்கான்னு."

காளியண்ணன் கையிலிருந்த டம்ளரை வைத்தான்.

"நான் வாங்க வந்தவன், நீ விக்கறவன். தயவு பாக்காத. சந்தையில எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு. எனக்கு ஆறு வேணும், இப்ப மூணு நிக்குது."

காளியண்ணன் தொண்டையைச் செருமினான். துண்டை உதறித் தோளில் போட்டான். "அப்படிக் கேளு. பையன் ஒடம்ப நீ பாத்ததில்லையா? பொங்கலுக்கு எளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல போட்டவன். நெஞ்சு எப்படி? தோள் எப்படி? ஒம்போது நாப் பட்டினி அவனுக்கு ஒரு விரதம்."

"பல்லைக் காட்டற. குளம்பைக் காட்ட மாட்டீங்கற. பாறை விழுந்தா நெஞ்சு என்ன, தோள் என்ன? என்ற பையன் உசுரோட இருக்கான்." மோதிரத்தைப் பார்த்தார். மூன்று.

டீக்கடைக்காரன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினான். "அண்ணே, எங்க மாமன் ஊருல பதினாறு நா களிச்சு ஒருத்தன் சிரிச்சுட்டே ஏறி வந்தானுங்."

"இவனுக்கு நீ கண்ணடிச்சத நான் பாத்துட்டேன் மாப்ள. என்ற பையன் உசுரோட இருக்கான்." மூன்று.

"இத பாரு சென்னி, நாலு மணிக்கு மேல நீயே தேடுனாலும் இந்த வாய்ப்புக் கெடைக்காது. இப்ப முடிக்கறயா இல்லையா?"

"அவசரப்படுத்தறயாக்கும்?" சென்னியப்பன் மெதுவாகச் சொன்னார். "சரக்கு நல்லா இருந்தா நீ இத்தனை பேச மாட்டியே மாப்ள. என்ற பையன் உசுரோட இருக்கான்."

இரண்டு.

காளியண்ணன் அதைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விற்பனையில் அழுதான். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியுது. உனக்கு நான் எப்படிப்பா விப்பேன்?"

மணி மூன்று. பம்பு நிலத்தடியிலிருந்து இறைத்த கலங்கல் தண்ணீரை ஒரு பெரிய குழாய் ஓடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தார்ப்பாய் நிழலில் ஒன்பது நாளாகப் பாவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'வந்துருவானுங்' என்று சொல்லி நூறு காட்டுவாள். இன்றைக்கு அவள் வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"கைய ஏன் புள்ள மறைச்சிருக்க?"

"சும்மாதானுங்."

"காட்டு."

அவள் காட்டவில்லை. சுற்றிலும் ஆட்கள். மண் சுமக்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சென்னியப்பன் தோள் துண்டை எடுத்து அவள் மடிமேல் விரித்தார். சந்தையில் விலை அப்படித்தான் பேசுவது: துண்டுக்கடியில் கை கோத்து, விரலைப் பிடித்து எண்ணிக்கை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பெண்கள் துண்டுக்குள் கைவிடுவது வழக்கமில்லை. ஆனால் பாவாத்தாளின் கை தயங்காமல் வந்தது. அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினாள். பிறகு ஒற்றை விரலைப் பிடித்தாள்.

"பத்துக் கணக்கா?"

"ஆமாங்."

அறுபது.

தவணைக்காரனுக்கே நூறு கொடுத்தவள் பெற்ற பிள்ளைக்கு நாற்பது குறைத்துவிட்டாள்.

"எப்ப இருந்து?"

"இந்தத் தண்ணி விக்கல் வந்தாப்புல விக்குதுங்க. காலையிலயும் சாயங்காலமும் அஞ்சு மணிக்கு ஷிப்ட் மாறச் சங்கு ஊதறாங்கல்ல, ஊதி முடிச்சதும் மூணு தடவ நின்னு நின்னு வருது. கீழ குழாய் வாயை ஆரோ கையில பொத்தற மாதிரி. அஞ்சாம் நாள்ல இருந்து எண்ணறேன். ஒம்போது சங்கு ஊதுச்சு. அஞ்சு சங்குக்கு விக்குச்சு. நாலுக்கு இல்ல."

"சங்கு ஊதாத நேரத்துல?"

இந்தக் கேள்வியை அவர் வாங்குகிற மாட்டைப் பற்றியெல்லாம் கேட்பார். சந்தை நாளில் நன்றாக நிற்கிற மாடு மற்ற நாளில் எப்படி என்று.

"அப்பவும் ரெண்டு தடவ விக்குச்சுங். மண்ணு சிக்கினாலும் அப்படி வருமாமா. மேஸ்திரி சொன்னாரு."

"இத ஏன் ஆருகிட்டயும் சொல்லலை?"

"சொன்னனே. அந்த ஆபீஸ் புள்ளைகிட்டச் சொன்னேன், உங்க தோஸ்துகிட்டச் சொன்னேன். மோதிரத்தைப் பாத்தாங்க, நூறுன்னு எரிஞ்சுது, சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. என்ற பேச்சு எங்கீங்க எடுபடுது?"

சென்னியப்பன் எழுந்தார். ஓடையோரமாகப் பத்தடி நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். விற்பவன் மாட்டின் குறையையும் தானே எடுத்துச் சொன்னால், அவனிடம் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுக்கலாம். அவர் தொழிலில் கற்ற ஒரே சத்தியம் அது. ஊதாதபோது இரண்டு தடவை விக்கியதைக் காளியண்ணன் சொல்லியிருப்பானா? அவள் சொன்னாள். அது மட்டுமா, அறுபது என்றாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொட்டகைக்குள் நுழைந்து மேசைமேல் கையை வைத்தார். "என்ற பையன் செவ்வேள் உசுரோட இருக்கான்."

ஆறு.

அருள்விழி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "காலையில மூணு. என்னங்க ஐயா புதுசா தெரிஞ்சுது?"

அவர் தண்ணீர் விக்கிய கணக்கைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். "இதை அம்மா முந்தாநேத்தே என்கிட்ட…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ஆமாங். அப்ப அவ நூறு. எதை வெச்சாலும் ஒரே பக்கம் சாயற தராசுல ஆரு எடை பாப்பாங்க? இன்னிக்கு முள்ளு அசைஞ்சிருக்குது அம்மிணி. அறுபதுன்னு நிக்குது. அப்படின்னா இப்பத்தான் அவ நிறுத்துப் பாத்திருக்கா."

நாலும் ஐந்தும் ஆறும் பதினைந்து. அவள் கையெழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் பேனாவை மூடாமலே வைத்திருந்தாள்.

ஐந்துக்கு இறங்கும் ஆட்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேர். அவர்களில் ஒருவர் மேஸ்திரி இருதயராஜ், தூத்துக்குடிக்காரர். பாவாத்தாள் அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற வலது கை வேண்டியிருந்தது.

"வந்துருவானுங்" என்றாள் அவரிடம்.

செய்தி சொல்ல வேகமாக வந்துகொண்டிருந்த சென்னியப்பன் நாலடி தள்ளி நின்றார். அவள் விரலில் எரிந்ததை அங்கிருந்தே படிக்க முடிந்தது.

நூறு.

மேஸ்திரி போனதும் பக்கத்தில் வந்தார். "அறுபதுன்னயே புள்ள?"

அவள் கையை மறைக்கவில்லை. இனி மறைத்து என்ன? "ஆமாங்."

"நூறு எரியுது."

"எப்பவும் எரியறதுதானுங்."

"அப்பறம் ஏன்?"

"நூறுன்னு சொன்னா நீங்க வாங்க மாட்டீங்க. முப்பத்திரண்டு வருசத்துல என்ற சொல்லை ஒரு நாளாச்சும் வாங்கியிருக்கீங்களா? எத்தனை சந்தை பாத்திருக்கேன் உங்ககூட. கொறச்சுச் சொன்னேன். படிஞ்சுது."

மாவட்டத்தின் படிக்கல்லைத் துண்டுக்குள் வைத்து விற்றுவிட்டாள்.

"அந்தத் தண்ணிக் கணக்கு?"

"அது நெசமுங். நானே எண்ணுனது." விரலில் நூறு. அதை என்ன செய்வது? அவள் எண்ணியது உண்மையாகவும் இருக்கலாம், நம்பி நம்பியே கண்ணுக்குத் தெரிந்ததாகவும் இருக்கலாம். மோதிரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

'என்ற பையன் உசுரோட இருக்கான்' என்று இப்போது சொன்னால் தன் விரலில் என்ன எரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. நாலாக இருக்கலாம். மூன்றாக இருக்கலாம். சொல்லாத வாக்கியத்துக்கு எண் கிடையாது. சும்மா இருந்தால் ஒரு நாள் லாபம். ஆனால் அங்கே பதினொரு பேர் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவர் விற்றது ஆறு. கையில் இருக்கிறதோ இல்லையோ தெரியாத ஆறு.

சுரங்க வாய்க்குப் போனார்.

"மேஸ்திரி, என்ற சரக்குல ஒரு குறை இருக்குது. எறங்கறதுக்கு முன்ன சொல்லிடறேன். ஆறுன்னு சொன்னேனுங். அது என்ற சம்சாரம் சொன்ன அறுபத நம்பிச் சொன்னது. அவ அறுபது இல்ல, பழைய நூறுதான். இப்ப என்ற கணக்கு ஆறு வராதுங். எவ்வளவுன்னு தெரியலை. கூரை விரிஞ்சு நிக்குது. நீங்க எறங்காட்டி நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். அந்த அம்மிணிகிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

பதினொரு பேரும் கேட்டார்கள். இருதயராஜ் தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டினார்.

"அண்ணாச்சி, உம்ம ஆறு ஆபீசுக்கு. அவிய எழுதிக்கிடட்டும், நீரு சொல்லணும்னா நாளைக்குக் காலையில போய்ச் சொல்லும். காலையில நீரு மூணுன்னு சொன்னப்பவும் நாங்க ஏணிகிட்டத்தான் நின்னோம். அந்தத் தண்ணி விக்குறத நானும் ரெண்டு தடவ பாத்தேன். மண்ணாவும் இருக்கும். மனுசனாவும் இருக்கும்."

"உங்க மோதிரம் என்ன சொல்லுதுங்?"

"அதை நான் கேக்குததே இல்ல. மோதிரத்தோட ஏணியில கால வச்சா, பேசப் பேசப் படிக்கு ஒரு நம்பர் காட்டும். எவன் இறங்குவான்? அதுக்குத்தானே கழத்தி மாட்டுதோம்." கழற்றினார். ஆணியில் மாட்டினார்.

"கூரை தாங்குமாங்?"

"தாங்கும்" என்றார் இருதயராஜ், வெறும் விரலோடு.

ஒவ்வொருவராக மாட்டிவிட்டு இறங்கினார்கள். சென்னியப்பனுக்கும் திடீரென்று தன்னுடையதைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது. இழுத்துப் பார்த்தார். பதினாலு வருடத்தில் விரல் பருத்துவிட்டிருந்தது, வரவில்லை. எச்சில் தொட்டு மறுபடி இழுத்தார். முட்டியில் வந்து நின்றது.

ஐந்து மணிச் சங்கு ஊதியது. ஓடைப் பக்கம் பாவாத்தாள் எழுந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவர் குழாயின் பக்கம் திரும்பவில்லை. அது அவள் கணக்கு. அவருடையது இந்தப் பலகையில் இருந்தது. ஆணி ஆணியாக, மாட்டுப் பல்லை எண்ணுகிற மாதிரி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

மோதிரம் பன்னிரண்டு. இன்றைக்கு இறங்கியது பதினொன்று. பழைய பாக்கி ஒன்று.